வடமராட்சிக்குப் போய்வந்த குலை

பத்து வயதில் நான் ஒரு நீதவான். எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும் விசாரணையும் தீர்ப்பும் என்னிடம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அம்மா "தேங்காய் முடிஞ்சுது" என்று சொன்னால், "இல்லை அம்மா, ரெண்டு கிடக்கே!" என்று குசினியிலிருந்து கத்துவேன். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து முதற்பரிசு எனக்கு. அந்தக் கனம் தலையில் நன்றாகவே ஏறியிருந்தது. என்னைக் கண்டால் அண்ணை "பொலிஸ் வருது, பொலிஸ் வருது" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவான். ஒரு இடத்தில் இருக்கவும் எனக்கு வராது. இன்றைக்கும் வராது. இதை எழுதத் தொடங்கி இரண்டு தரம் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "தோட்டம்" என்றுதான் சொல்லுவார். மருதனார்மடத்துக்கு அப்பால் செம்மண் தரையில் எங்களுக்குக் கொஞ்சம் இதரை வாழை நின்றது. விடிய எழும்பி வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மாசி மாதத்தில் எங்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் தோட்டத்தில் விளைந்ததில் திறமானதைக் கொண்டுவந்து முன்னுக்கு வைப்பார்கள். ஆராதனை முடிய அவை முற்றத்தில் ஏலம் போகும். பிரசங்க பீடத்துக்கு வலது பக்கத் தூணில் ஒரு கொழுக்கி உண்டு. அப்பப்பா காலத்திலிருந்து அதில் எங்கள் வீட்டுக் குலைதான் தொங்கும். அப்படி ஒரு சட்டமும் இல்லை, யாரும் எழுதி வைக்கவும் இல்லை. ஆனாலும் வேறு யாரும் அதில் ஒரு கத்தரிக்காயைக்கூடத் தொங்கவிட்டதில்லை.

வாழை பூப்பொத்தி தள்ளும்போதே பண்டிகைக் குலையை அப்பா தெரிந்தெடுத்துவிடுவார். பிறகு அந்த மரத்துக்கு வீட்டுப் பிள்ளைகளைவிடக் கூடிய கவனிப்பு. முட்டுக் கொடுப்பார், சருகு களைவார், எங்களைக் கிட்டவும் போகவிட மாட்டார். பண்டிகை அன்று இரண்டாவது வரிசை வாங்கில் இருந்துகொண்டு குலையையே பார்ப்பார். "இஞ்சேருங்கோ, போதகரைப் பாருங்கோ. குலை ஓடிப் போகாது" என்று அம்மா முழங்கையால் இடிப்பார்.

அந்த வருடம் மார்கழிக் கடைசியில் ஒரு காற்று வந்தது. விடியப் போய்ப் பார்த்தால் தோட்டம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. ஒரு மரம் மிஞ்சவில்லை. முட்டுக் கொடுத்த பண்டிகை மரம் முட்டோடு சேர்ந்து விழுந்திருந்தது. அப்பா வரம்பில் நின்று பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அல்லது வந்ததை நான் காணவில்லை.

அழிவு எல்லாருக்கும்தான். இந்த முறை குலை இல்லை என்று அப்பா சொல்லியிருந்தால் "ஐயோ பாவம்" என்றிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு சபைச் செயலாளர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு, "இந்த முறை கொழுக்கிக்கு லீவு போலை!" என்று ஒரு பகிடி விட்டார். அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று.

"ஏன் லீவு? ஒண்டு ரெண்டு தப்பியிருக்கு."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "என்ன விசர்க்கதை இது? இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன?" அப்பா சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு இருப்பும் இல்லை, படுக்கையும் இல்லை. சாப்பாட்டில் கை அளைவார், எழும்பி முற்றத்தில் நடப்பார், வானொலியைப் போடுவார், நிற்பாட்டுவார். அண்ணை சிரித்தால் "என்ன சிரிப்பு?" என்பார். அவர் நடக்க நடக்க எனக்கும் கால் பரபரக்கும். இப்படியே மாசி வந்தது.

பண்டிகைக்கு முதல்நாள் சனிக்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அப்பா புறப்பட்டார். மருதனார்மடம் சந்தை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அங்கே எல்லா வியாபாரிகளுக்கும் அவரைத் தெரியும். வல்லை வெளியைத் தாண்டி, காற்று கண்ணில் அடிக்க அடிக்க, உடுப்பிட்டியையும் தாண்டி வடமராட்சிப் பக்கத்துச் சந்தை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார்.

நிலத்தில் வரிசையாகக் குலைகள் சாத்தியிருந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தட்டி, தூக்கி, திருப்பிப் பார்த்தார். கடைசியில் பன்னிரண்டு சீப்பு இதரைக் குலை ஒன்றைப் பிடித்தார். நல்ல திரட்சி. காற்றே படாத மாதிரிக் குலை. எந்தப் பக்கத்துக் குலை என்று வியாபாரியைக் கேட்டேன். "லொறியிலை வந்தது பிள்ளை, உங்காலை வலிகாமப் பக்கம்" என்றான். எங்கள் ஊரும் வலிகாமம்தான். அப்பா என்னை மேலே கேட்கவிடவில்லை. குலையை உரச் சாக்கால் மூடிக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டில் ஒரு பழைய சவர பிளேட்டை என் கையில் தந்தார். குலைத் தண்டில் வியாபாரி நீல மையால் இலக்கம் போட்டிருந்தான்.

"உந்த இலக்கத்தைச் சுரண்டிப் போடு."

"ஏனப்பா?"

"வடிவில்லை."

நீதவானுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் சுரண்டினேன். மூன்றாவது சீப்பில் நாலைந்து காய்களின் முதுகு பொருக்குப் பிடித்து மண்ணிறமாக இருந்தது. அதை நான் காட்ட, "எங்கையோ உரஞ்சியிருக்கு. அந்தப் பக்கத்தைத் தூணோடை விட்டால் தெரியாது" என்றார்.

"நாளைக்கு எங்கடை தோட்டத்துக் குலை எண்டு சொல்லுவமோ?"

"ஒண்டும் சொல்ல மாட்டம். கொண்டுபோய்த் தூக்கி விடுவம்."

காணிக்கையில் பொய் சொன்ன ஒரு புருஷனும் பெண்சாதியும் அந்த இடத்திலேயே விழுந்து செத்த கதையை ஓய்வுநாள் பாடசாலையில் போன மாதம்தான் படித்திருந்தோம். ஆசிரியை அதைச் சொன்னபோது நான்தான் முதலில் கையை உயர்த்தி, "அவைக்கு நல்லா வேணும்" என்றேன். இப்போது அப்பா விழப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்போது, எந்த வாங்கடியில் என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை தேவாலயம் நெற்கதிரும் பூசணியும் குரும்பையுமாகக் கிடந்தது. காலைக் கட்டிய ஒரு சேவல் மூலையில் கத்திக்கொண்டிருந்தது. அப்பா கதிரையில் ஏறிக் குலையைக் கொழுக்கியில் மாட்டினார். பொருக்குப் பக்கம் தூணோடு. கூட்டம் கூடிவிட்டது. "காத்து உம்மடை தோட்டத்தைக் கண்டு பயந்திட்டுது போலை!" என்றார் செயலாளர். அவரே அப்பாவைக் குலையோடு நிறுத்திக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டார். ஐந்து நிமிடத்தில் கனடாவிலிருந்து சித்தப்பா, 'எங்கடை தோட்டத்துக் குலை எண்டால் குலைதான்' என்று எழுதிவிட்டார். அதைச் செயலாளர் உரத்து வாசித்தார். அப்பா சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது ஒழுங்கை அன்ரி வந்தார். எங்கள் குறுகலான ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. அதனால் அந்தப் பெயர். தேவாலயத்திலும் கடைசி வாங்குதான். அவருடைய புருஷனான மாமா மூன்று மாதமாகத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சபையிலிருந்து உதவி கொண்டுபோனவர்களை "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்ட மனுசி அவர். அவர் வீட்டுக் கிணற்றடியில், மதிலோடு ஒட்டி நாலு வாழை நின்றது. மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கேட்க, "இவர் சுகமாய் வரவேணும். இந்த முறை என்ரை முதற்குலை ஆண்டவருக்கு" என்று நேர்ந்துகொண்டிருந்தார்.

அன்று அவர் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் மட்டும் இருந்தது.

"எங்கை பிள்ளை, குலை கொண்டுவாறன் எண்டாய்?" மாதர் சங்கத் தலைவி ஊருக்கே கேட்கக் கேட்டார்.

"காத்து விழுத்திப் போட்டுது, அக்கா."

சொல்லிவிட்டு முருங்கைக்காயை வைக்க முன்னுக்கு வந்தார். வந்தவர் தூணடியில் நின்றார். குலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அதை மெதுவாகத் திருப்பினார். அவர் விரல் தேடவே இல்லை. நேரே மூன்றாவது சீப்பின் பொருக்கில் போய் நின்றது.

"மதிலோடை உரஞ்சின..." என்றார், தனக்குத்தானே. அவ்வளவில் வாய் நின்றுவிட்டது.

கதிரையைத் தூக்கப் போன அப்பா அப்படியே நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இடையில் நான். லொறிக்காரனுக்கு விற்றால் ஊருக்குத் தெரியாது என்று அன்ரி நினைத்திருக்கிறார். வடமராட்சியில் வாங்கினால் ஊருக்குத் தெரியாது என்று அப்பா நினைத்திருக்கிறார். அந்தக் குலை வல்லை வெளியை இரண்டு தரம் கடந்து ஒரே ஒழுங்கைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அன்ரி குலையைப் பழையபடி திருப்பிவிட்டார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"பறவாயில்லை அண்ணை," என்றார் மிகவும் மெதுவாக. "வரவேண்டிய இடத்துக்கு வந்து சேந்திட்டுது."

சொல்லிவிட்டுக் கடைசி வாங்குக்குப் போய்விட்டார். அப்பாவின் கழுத்தில் நரம்பு துடித்ததை நான் கண்டேன். தொடங்கிவிட்டது, இனி விழுவார் என்று நினைத்தேன்.

ஆராதனை முழுக்க அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு வந்தது, அப்பா பாடவில்லை. ஜெபம் வந்தது, கண் மூடவில்லை. முதல்முறையாக அவர் குலையையும் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்தார். ஒரு காலை மறுகாலில் போட்டார், எடுத்தார், பிறகும் போட்டார். என்னால் இருக்கவே முடியவில்லை. ஒருக்கால் அப்பாவைப் பார்ப்பேன், ஒருக்கால் பின்னுக்குத் திரும்பி அன்ரியைப் பார்ப்பேன். "ஆடாமல் இரு" என்று அம்மா இரண்டு தரம் தலையில் குட்டினார்.

பிரசங்கம் முடிந்தது. எங்கள் சபையில் அந்த நேரம் யாராவது ஒருவர் எழும்பி விளைச்சலுக்கு நன்றிச் சாட்சி சொல்வது வழக்கம். போதகர் பாவம், ஒன்றும் அறியாதவர். தூணைக் காட்டி, "காத்துக்கும் தப்பின குலை முன்னுக்குத் தொங்குது. வளத்தவரே எழும்பிச் சொல்லட்டும்" என்றார்.

எல்லாரும் இரண்டாவது வாங்கைப் பார்த்தார்கள். அப்பா எழும்பினார். நான் சேட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஐயா," என்றார். இருமிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். "இது என்ரை தோட்டத்துக் குலை இல்லை. என்ரை தோட்டத்திலை ஒரு மரமும் மிஞ்சேல்லை. இதை நேற்றுச் சந்தையிலை வாங்கினன். கொழுக்கி வெறுமையாய் இருக்கக்கூடாது எண்ட வீம்பு. ஆண்டவருக்கு முன்னாலை பொய்க்குலை தூக்கினனான். அவ்வளவுதான், ஐயா."

சேவல்கூடக் கத்தவில்லை. அம்மா முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அப்பா விழவில்லை என்பதை நான் கவனித்தேன். கால்கள் உறுதியாகத்தான் நின்றன. எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆகா, என் அப்பா!

அப்போது யாரோ களுக்கென்று சிரிக்க, செயலாளர் பக்கத்து வாங்கிலிருந்து, "அப்ப ஆரின்ரை குலை உது?" என்றார்.

தேவாலயத்தில் இருந்த அத்தனை பேரும் காதைக் கொடுத்தார்கள். கடைசி வாங்கில் அன்ரி தலையைக் குனிந்திருந்தார்.

"ஆர் வளத்ததோ, எந்த ஊர்க் குலையோ," என்றார் அப்பா. "எனக்குத் தெரியாது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தெரியும்!" என்று எழும்பிவிட்டேன். "அப்பாவுக்குத் தெரியும், அது..."

அப்பா என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அடிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "இரு பிள்ளை" என்றார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. கெஞ்சுகிற குரல். இருந்துவிட்டேன். நெஞ்சு கொதித்தது. திரும்பிப் பார்த்தேன். அன்ரி நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை முறைக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

போதகர் வேத புத்தகத்தை மூடினார். பிறகு எல்லாரையும் எழும்பச் சொல்லிப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். அப்பா பாடினார். சுருதி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அண்ணை காதைப் பொத்திக்கொண்டான்.

முற்றத்து ஏலத்தில் குலையைச் செயலாளரே எடுத்தார். அதன் பிறகு அப்பாவைக் காணும் இடமெல்லாம், "என்ன, அடுத்த குலை எந்தச் சந்தையிலை?" என்று ஒரு மாதம் கேட்டார். அன்று ஒரு வார்த்தைக்கு முகம் சிவந்த அப்பா இப்போது, "உமக்குத் தெரிஞ்ச இடம் இருந்தால் சொல்லும்" என்று சேர்ந்து சிரித்தார். ஏலத்தில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த முருங்கைக்காய்க் கட்டு.

வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தார்.

"அப்பா, உங்களுக்கு வெக்கமாய் இல்லையோ?"

"இருக்கு."

"பிறகேன் பாடுறியள்?"

"வருது, பாடுறன்."

"ஏன் ரெண்டாவது பொய் சொன்னனியள்? அது அன்ரியின்ரை குலை எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

ஒழுங்கை முகப்பில் வேகத்தைக் குறைத்தார். பதில் சொல்லுவார் என்று பார்த்தேன். "பிடிச்சுக்கொண்டு இரு, பள்ளம்" என்றார்.

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒரு பொய்யை ஒத்துக்கொண்ட வாய் ஆறாமல் அடுத்த பொய்யைச் சொன்ன மனுசனை என்ன செய்வது? ஆண்டவர் முதலாவதை மன்னித்திருக்கலாம், இரண்டாவதுக்கு விட மாட்டார் என்று ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அவருக்கு மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்ப்பேன். வரும். குறட்டையோடு வரும். இரண்டு மாதமாக முற்றத்தில் நடந்து திரிந்த மனுசன் இப்போது மழைக்கு விறகு நனைந்தாலும் எழும்பாமல் தூங்கினார். சோற்றுக்கு இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினார். அடுத்தடுத்த வருடங்களில் பண்டிகைக்கு அவர் கொண்டுபோனது ஒருமுறை பயிற்றங்காய், ஒருமுறை கீரைப்பிடி. கொழுக்கியில் யார் யாரோவின் குலைகள் தொங்கின. அப்பா போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. தோற்ற மனுசனுக்கு என்ன இவ்வளவு நிம்மதி என்று இருந்தது.

அன்று அவர் அன்ரியின் பெயரைச் சொல்லியிருந்தால், நேர்ந்த குலையை விற்றுத் தின்றவள் என்று மாதர் சங்கம் அவரை உரித்துத் தொங்கவிட்டிருக்கும். புருஷனுக்கு மருந்தும் பஸ் காசும் தேடித்தான் அதை விற்றார் என்பது, உதவி வேண்டாம் என்று சொன்ன அவருடைய மானத்தையும் சேர்த்தே உடைத்திருக்கும். தன்னுடைய வீம்பை எல்லார் முன்னாலும் கீழே போட்ட அப்பா, அன்ரியினுடையதைத் தொடவில்லை. இவ்வளவும் எனக்கு விளங்க எத்தனையோ வருடம் எடுத்தது.

அந்தப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு ஒரு விஷயம் நடந்தது. ஒழுங்கை அன்ரி கடைசி வாங்கைத் தாண்டி நேரே நடந்து வந்தார். எங்கள் வாங்கடியில் நின்று, "கொஞ்சம் தள்ளி இருங்கோவன்" என்று அம்மாவிடம் சிரித்தார். அம்மாவும் நானும் தள்ள, வாங்கின் கரையில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வந்து இருந்தார். மாமாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்குகிறது என்று அம்மாவிடம் சொன்னார். என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். சவர்க்கார வாசம் அடித்த, காய்ப்பு ஏறிய கை.

நான் எழும்பி, அம்மாவின் முழங்காலைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் இருந்தேன். பொய்க்காரியோடு முட்டிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது.

"ஏன் பிள்ளை?" என்று அம்மா கேட்டார். அன்ரியும் குனிந்து என்னைப் பார்த்தார்.

மாசிப் பனி. முன் வாங்குக்காரர் காதில் துணி கட்டிக்கொண்டு இருந்தார்.

"வெக்கையாய்க் கிடக்கு" என்றேன். அது ஒரு பொய் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.